ஏத்தத்தில வெட்டி இழுக்கிற பழைய ஹைலக்ஸ்: இஞ்சினை இறக்க முதல் எந்த சிலிண்டர் எண்டு பாருங்கோ

கேள்வி:

வணக்கம் அண்ணை. என்ர இடம் குச்சவெளி. 89ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் கெப் ஒண்டு ஓடுறன், பெற்றோல், 22ஆர் இஞ்சின், கார்பரேட்டர் உள்ளது. விடியப்புறம் மீனும் ஐஸும் ஏத்திக்கொண்டு திருகோணமலை மார்க்கெட்டுக்குப் போய் வாறது, இடைக்கிடை கந்தளாய் தாண்டி ஹபரணைக்கும் லோட் போகும். கொஞ்ச மாசமா ஸ்லோவில (அக்சிலேட்டரை அமத்தாம) விட்டா வண்டி நடுங்குது, லோட்டோட இறக்கக்கண்டிப் பாலம் ஏறேக்க வெட்டி வெட்டி இழுத்து பிறகு இழுவையே இல்லாமப் போகுது. மழை எண்டா இன்னும் மோசம். பிளக் நாலும் புதுசு போட்டன், ஒரு மாசம் மாதிரி நல்லா ஓடிச்சுது, திரும்பவும் அதே கதை. ஒரு கராஜில கார்பரேட்டரை மாத்தச் சொல்லினம், இன்னொரு இடத்தில இஞ்சினை இறக்கி ஓவர்ஹோல் பண்ணினாத்தான் சரிவரும் எண்டினம். பேசாம ரீகண்டிஷன் இஞ்சின் ஒண்டு எடுத்துப் போடட்டோ? இந்தக் கிழமையும் ஹபரணைக்கு ஒரு லோட் இருக்கு, போகலாமோ?

பதில்:

தம்பி, இப்போதைக்கு கார்பரேட்டருக்கும் காசு குடுக்காதீங்கோ, இஞ்சினையும் இறக்காதீங்கோ. ரெண்டு கராஜ்காரரும் சொன்னது பிழை எண்டு நான் சொல்ல வரல்ல, வண்டியைப் பாக்காம எனக்கு அப்பிடிச் சொல்ல ஏலாது, ஆனா ரெண்டு பேரில ஒருத்தராவது அளந்து பாத்துத்தான் சொன்னவையோ எண்டு உங்கட கடிதத்தில ஒரு வரியும் இல்ல. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள ஏறுற அழுத்தம்) எவ்வளவு, எந்த சிலிண்டர் வேலை செய்யேல்ல, எதுவும் இல்ல. அளக்காம இஞ்சினை இறக்கிறது சரியான அநியாயம், அதுவும் இந்தக் காலத்துச் சாமான் விலைக்கு.

உங்கட கடிதத்தில எனக்கு முக்கியமாப் பட்டது ரெண்டு விசயம். ஒண்டு, புது பிளக் போட்டதும் ஒரு மாசம் நல்லா ஓடினது. ரிங் தேஞ்ச இஞ்சினோ வால்வு எரிஞ்ச இஞ்சினோ எண்டா பிளக் மாத்தினதால ஒரு மாசம் சுகமா ஓடுறது குறைவு. மற்றது, மழைக்குக் கூடுது எண்டது. மழைத் தண்ணிக்கும் பிஸ்டன் ரிங்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, ஆனா கொயிலில இருந்து பிளக் வரைக்கும் போற ஹைடென்ஷன் (கூடின வோல்ட்) பக்கத்துக்கு ஈரம்தான் முதல் எதிரி. அதால என்ர சந்தேகம் முதல்ல கரண்ட் பக்கம்தான் போகுது. ஆனா சந்தேகத்துக்குச் சாமான் வாங்கக்கூடாது, ஒவ்வொண்டாப் பாத்து ஒதுக்கிக்கொண்டு வருவம்.

லோட்டில ஏன் கூட வெட்டுது எண்டதை விளங்கிக்கொண்டா மிச்சம் எல்லாம் லேசா விளங்கும். பிளக்கில பொறி பாயிறதுக்கு எவ்வளவு வோல்ட் தேவை எண்டது சிலிண்டருக்குள்ள இருக்கிற அழுத்தத்தைப் பொறுத்தது. ஸ்லோவில கார்பரேட்டர் வாய் மூடிக்கிடக்கு, உள்ள போற காத்து கொஞ்சம், அழுத்தமும் கொஞ்சம், அதால வலுக் குறைஞ்ச பொறியும் கன நேரம் எப்பிடியோ பாஞ்சிடும். பாலம் ஏறேக்க நீங்கள் அக்சிலேட்டரை அமத்த சிலிண்டர் நிறையக் காத்து போய் அழுத்தம் கூடுது, அந்த அழுத்தத்துக்குள்ள பொறி பாய இன்னும் கனக்க வோல்ட் வேணும், அப்ப அந்தக் கரண்ட் பிளக் இடைவெளியால பாயிறதை விட்டுட்டு வேற லேசான வழியைத் தேடும், வெடிச்ச வயரால, ஈரமான டிஸ்ரிபியூட்டர் கப்பால (பிளக் வயர் நாலும் வந்து பூட்டிற மூடி), உப்புப் படிஞ்ச பிளக் தலையால வண்டிப் பொடி இரும்புக்குப் போயிடும். புது பிளக்குக்கு முனை கூர், இடைவெளியும் அளவு, குறைஞ்ச வோல்ட்டுக்கே பாயும், அதுதான் உங்களுக்கு அந்த ஒரு மாசம் கிடைச்சது. பிளக் கொஞ்சம் தேய, பழைய ஒழுக்கு திரும்பவும் தலை காட்டுது.

இனி வேலைக்கு வருவம். முதல் எந்த சிலிண்டர் எண்டு கண்டுபிடியுங்கோ. ஒரே தாளத்தில டுப்... டுப்... டுப்... எண்டு ஒழுங்கா நடுங்கினா பெரும்பாலும் ஒரே ஒரு சிலிண்டர். தாளம் இல்லாம அங்கயும் இங்கயும் வெட்டினா நாலுக்கும் பொதுவான ஏதோ ஒண்டு, கொயில், ரோட்டர் (கப்புக்குள்ள சுத்திற துண்டு), கப்பின்ர நடு, பெற்றோல் வரத்து இப்பிடி. சைலன்சர் வாயில கையை ஒரு சாண் தள்ளி வச்சுப் பாத்தாலே இது தெரியும்.

அந்த சிலிண்டரைப் பிடிக்க எங்கட ஊரில வழமையாச் செய்யிறது ஓடுற இஞ்சினில பிளக் வயரை ஒவ்வொண்டாப் பிடுங்கிப் பாக்கிறது. அப்பிடிப் பிடுங்கி அந்தரத்தில விடாதீங்கோ. இந்த ஹைலக்ஸில பொயின்ற் இல்ல, அதுக்குப் பதிலா பொறியை விடுற எலெக்ட்ரோனிக் இக்னைட்டர் இருக்கு, வயர் அந்தரத்தில நிண்டா கரண்ட் போக வழியில்லாம கப்பையும் கொயிலையும் இக்னைட்டரையும் பதம் பாக்கும், கையில அடிச்சா ஆளையும் உதறும், நெஞ்சுக்குப் பேஸ்மேக்கர் வச்ச ஆக்கள் கிட்டவும் நிக்கக்கூடாது. பழைய பிளக் ஒண்டு எடுங்கோ, இஞ்சினை நிப்பாட்டிப்போட்டு முதலாம் சிலிண்டர் வயரைக் கழட்டி அந்தப் பிளக்கில மாட்டி, பிளக்கின்ர இரும்பை ஜம்ப் வயரால இஞ்சினோட கிளிப் பண்ணி, பிறகு ஸ்டார்ட் பண்ணுங்கோ. சத்தம் கேளுங்கோ. நிப்பாட்டி அடுத்தது. எந்த வயரைக் கழட்டினா இஞ்சின் முந்தின மாதிரியே ஓடுதோ அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். மற்றதுகளைக் கழட்டினா இன்னும் நடுங்கி நிக்கப் பாக்கும். முதலாம் சிலிண்டர் எண்டது ரேடியேட்டர் பக்கம் உள்ளது, ஃபயரிங் ஓடர் (பொறி வாற வரிசை) 1-3-4-2. வயருகளுக்கு நம்பர் ஒட்டிப்போட்டுத் தொடங்குங்கோ, மாறிப் போட்டா புது வருத்தம் ஒண்டு வந்து சேரும்.

வயரில கை வைக்கப் பயமா இருந்தா இன்னொரு வழி இருக்கு. விடிய, இஞ்சின் முழுக்கக் குளிர்ந்து இருக்கேக்க ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிசம் ஸ்லோவில விடுங்கோ. சைலன்சர் மனிஃபோல்டு நாலு கிளையா வருதெல்லோ, மேல தகரம் மூடியிருந்தா முதலே கழட்டி வையுங்கோ, ஒவ்வொரு கிளையிலயும் ஹெட்டுக்குக் கிட்டவா விரல் நுனியால ரெண்டு சொட்டுத் தண்ணி தெறியுங்கோ. வேலை செய்யிற சிலிண்டரின்ர கிளையில சுர்ரெண்டு காஞ்சுடும். வேலை செய்யாததில தண்ணி சொட்டு அப்பிடியே வழிஞ்சு போகும். ரெண்டு சொட்டுத்தான், செம்பால ஊத்தினா வார்ப்பு இரும்பு வெடிக்கும்.

சிலிண்டர் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. அந்தப் பிளக்கைக் கழட்டி பக்கத்து சிலிண்டருக்கு மாத்துங்கோ. வருத்தம் பிளக்கோட சேந்து போனா பிளக். போகாட்டி வயரை மாத்திப் பாருங்கோ. அதோடயும் போகாம அதே சிலிண்டரில நிண்டா ஒண்டில் கப்பில அந்த வயருக்கான கால், இல்லாட்டி இஞ்சினுக்குள்ள. ஒரு ரூபாயும் செலவில்லாம இவ்வளவும் தெரிஞ்சிடும்.

பிளக்கைக் கழட்டினதும் துடைச்சுப் போடாதீங்கோ, வெளிச்சத்தில பிடிச்சு வடிவாப் பாருங்கோ. முனை மண்ணிறமா, பிஸ்கட் கலர் மாதிரி இருந்தா அந்த சிலிண்டர் சுகம். காஞ்ச கரி அடை, விரலில ஒட்டுது எண்டா பெற்றோல் கூட, சோக் முழுசாத் திறக்காம நிக்கும். பெற்றோல் மணத்தோட ஈரம் எண்டா பொறி வரேல்ல. எண்ணெய்ப் பிசுக்கோட ஈரம் எண்டா ரிங்கோ வால்வு சீலோ. சுண்ணாம்பு மாதிரி வெள்ளை எண்டா காத்து கூட பெற்றோல் காணாது, அது ஆபத்து, அப்பிடியே லோட் இழுத்தா பிஸ்டன் ஓட்டையாகும். இடைவெளி 0.8 மில்லிமீற்றர், ஃபீலர் கேஜ் வச்சுப் பாருங்கோ, பெட்டியில இருந்து எடுத்த பிளக் எண்டாலும் பாருங்கோ. டூப்ளிகேட் பிளக் கடைகளில தாராளமா இருக்கு, விலை நம்ப ஏலாத அளவு குறைவு எண்டா அதை விடுங்கோ.

இப்ப உங்கட வண்டிக்கு நான் முக்கியமாச் சொல்ல வந்தது. ராவில, வெளிச்சம் இல்லாத இடத்தில நிப்பாட்டி, பொனட்டைத் திறந்து, இஞ்சினை ஓட விட்டு, வீட்டில உடுப்பு அயன் பண்ணத் தண்ணி தெளிக்கிற ஸ்ப்ரே போத்தலால பிளக் வயருகளிலயும் கப்பைச் சுத்தியும் கொயில் தலையிலயும் பனி மாதிரி மெல்லமாத் தண்ணி அடியுங்கோ. நீல நிறத்தில மயிரிழை மாதிரிப் பொறி வயரில ஓடுறதைக் கண்ணால காணுவீங்கள், டிக் டிக்கெண்டு சத்தமும் கேக்கும், அதோட இஞ்சின் வெட்டத் தொடங்கும். அதைக் கண்டீங்கள் எண்டா ஓவர்ஹோல் கதையை அதோட விட்டுடுங்கோ. ஆனா அடிக்க முதல் பெற்றோல் ஒழுக்கு எங்கயும் இருக்கோ எண்டு மணந்து பாக்க வேணும், பக்கத்தில ஒரு வாளி மணல் வச்சுக்கொள்ளுங்கோ.

பிறகு கப்பைக் கழட்டி உள்பக்கத்தை டோர்ச் அடிச்சுப் பாருங்கோ. ஒரு காலில இருந்து மற்றக் காலுக்கோ கீழ் விளிம்புக்கோ பென்சிலால கீறின மாதிரி ஒரு மெல்லிய கறுப்புக் கோடு ஓடியிருந்தா அது கரண்ட் ஓடி எரிச்ச பாதை. அதைச் சுரண்டித் துடைச்சாலும் நிலைக்காது, கப் மாத்தத்தான் வேணும். நடுவில ஒரு கரிக் குமிழ் ஸ்பிரிங்கோட இருக்கும், விரலால அமத்த உள்ள போய்த் திரும்பி வரவேணும், தேஞ்சு போயோ இறுகியோ இருந்தாலும் இதே வெட்டுத்தான். ரோட்டர் முனை எரிஞ்சு குழி விழுந்திருக்கோ, கப்பின்ர கால்களில பச்சைக் களிம்பு பிடிச்சிருக்கோ பாருங்கோ. வயர் ஒவ்வொண்டும் மல்டிமீற்றரில 25 கிலோ ஓமுக்குக் கீழ காட்ட வேணும், கூட எண்டா கழிவு. கப், ரோட்டர், வயர் செட் மூண்டையும் ஒரேயடியா மாத்திறதுதான் என்ர பழக்கம், ஏனெண்டா ஒண்டு போற வயசில மற்றதும் போற வயசுதான். பஞ்சிகாவத்தையில பழைய சாமான் எடுக்கிறவை இந்த மூண்டையும் மட்டும் பழசு எடுக்காதீங்கோ.

குச்சவெளி வண்டி எண்டபடியால எர்த்தைப் பற்றித் தனியாச் சொல்ல வேணும். கடல் காத்து ஒரு பக்கம், மீன் பெட்டியில இருந்து உருகி ஒழுகிற உப்புத் தண்ணி மற்றப் பக்கம், ரெண்டுமாச் சேந்து கெப்பின்ர அடிப்பக்கத்தைத் தின்னுது. பற்றரியின்ர நெகடிவில இருந்து பொடிக்கும், இஞ்சினுக்கும் போற வயருகள் வெளியால பாக்க நல்லா இருக்கும், ரப்பருக்குள்ள செப்பு முழுக்கக் களிம்பா மாவாப் போயிருக்கும். கிண்ணியாப் பக்கத்துக் கெப் ஒண்டு இப்பிடித்தான் ஓவர்ஹோல் பண்ணின பிறகும் வெட்டுது எண்டு என்னட்ட வந்தது, செல்ஃப் (ஸ்டார்ட்டர்) அடிக்கேக்க அக்சிலேட்டர் கேபிளைத் தொட்டா சுடுது. இஞ்சினுக்கு எர்த் போற பட்டி அறுந்து, அவ்வளவு கரண்டும் அந்த மெல்லிய கேபிளால ஓடியிருக்கு. மல்டிமீற்றரை வோல்ட்டில வச்சு ஒரு முனையைப் பற்றரி நெகடிவிலயும் மற்றதை இஞ்சின் புளொக்கிலயும் பிடிச்சுக்கொண்டு ஆரையும் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கோ. 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் சரியில்ல. கழட்டி, அரத்தாள் போட்டு வெள்ளை இரும்பு தெரியத் தேச்சு, புது வயர் போட்டு, முறுக்கின பிறகு மேல கிறீஸ் பூசி விடுங்கோ.

இதுவரை சொன்னது வெட்டிறதுக்கு. இழுவை இல்லாமப் போறது இதே காரணத்தாலயும் இருக்கலாம், வேற வருத்தமாவும் இருக்கலாம், பழைய வண்டியில ரெண்டும் ஒண்டா இருக்கிறது புதினமில்ல. வெட்டாம, சத்தம் சுகமா இருந்து கொண்டே இழுவை மட்டும் இல்ல எண்டா பெற்றோல் வரத்துப் பக்கம் பாருங்கோ. அதுக்கு முதல் சின்னதா ரெண்டு சோதினை. லோட் இல்லாம கொஞ்ச தூரம் ஓடி, பிரேக் அதிகம் பிடிக்காம மெல்ல நிப்பாட்டி நாலு ரிம்மையும் கிட்டக் கை வச்சுப் பாருங்கோ, ஒண்டு மட்டும் சுட்டா பிரேக் பிடிச்சபடி கிடக்கு. உப்புத் தண்ணியில ஹாண்ட்பிரேக் கேபிள் துருப்பிடிச்சு இறுகிறது கடற்கரைக் கெப்புகளுக்கு வழமை. மற்றது, ஏத்தத்தில இஞ்சின் சத்தம் ஏறுது வண்டி ஏறேல்ல எண்டா கிளட்ச். இதுக்கு உவர்மலை ஏத்தத்துக்குக் கொண்டு போய்ப் பாருங்கோ, பாலத்தை விட நல்லாத் தெரியும்.

பெற்றோல் பக்கத்தில உங்கட தொழிலுக்கு எண்டே ஒரு கேள்வி இருக்கு. அதே கெப்பில போட் இஞ்சினுக்கு மண்ணெண்ணெய் கான் ஏத்திறனீங்களோ? கான் மாறி ஊத்துப்படுறது, ஒரே புனலைப் பாவிக்கிறது, இதெல்லாம் நடக்கிற விசயம். ஃபில்டர் ஹோஸில இருந்து ஒரு கண்ணாடிப் போத்தலுக்குள்ள கொஞ்சம் எடுத்து அசையாம அரை மணித்தியாலம் வையுங்கோ. தண்ணி இருந்தா அடியில கோடு பிரிஞ்சு தெரியும், துரு இருந்தா மண்டியா நிக்கும். பிறகு வெள்ளைக் கடதாசியில ஒரு சொட்டு விட்டுக் காத்தில காட்டுங்கோ. நல்ல பெற்றோல் அடையாளம் இல்லாமக் காஞ்சு போகும், மண்ணெண்ணெய் கலந்திருந்தா எண்ணெய் வட்டம் ஒண்டு மிஞ்சும். 2022 தட்டுப்பாட்டு நேரம் பழைய கானுகளிலயும் பரலிலயும் பெற்றோல் சேத்து வச்சு அடிச்ச வண்டிகள், டேங்க் முக்கால்வாசி வெறுமையாக் கிடந்த வண்டிகள் கனக்க இருக்கு, அந்த டேங்குகளில உள்பக்கத் துரு இப்பவும் உதிர்ந்து ஃபில்டரை அடைக்குது. புது ஃபில்டர் போட்டு ஒண்டு ரெண்டு கிழமையில திரும்பக் கறுத்தா அல்லது செம்மண் நிறமானா டேங்கை இறக்கிக் கழுவத்தான் வேணும். 95 ஒக்டேன் அடிச்சா சரிவரும் எண்டு ஆரும் சொன்னா கேக்காதீங்கோ, இந்த இஞ்சினுக்கு 92 காணும்.

பம்ப் ஹெட்டில பூட்டியிருக்கிற மெக்கானிக்கல் பம்ப். கொயில் கனெக்ஷனைக் கழட்டி வச்சுப்போட்டு, கார்பரேட்டருக்குப் போற ஹோஸை ஒரு போத்தலுக்குள்ள விட்டு செல்ஃப் அடிச்சா பெற்றோல் விட்டு விட்டுப் பலமாப் பாய வேணும், சொட்டுச் சொட்டா வந்தா பம்ப் டயஃப்ரம் போச்சு, இல்லாட்டி டேங்கில இருந்து வாற வழி அடைப்பு. கொஞ்ச தூரம் நல்லா ஓடிப் பிறகு மூச்சு முட்டிற மாதிரி நிண்டா டேங்க் மூடியைத் திறந்து பாருங்கோ, ஸ்ஸ் எண்டு காத்து உள்ள இழுத்தா மூடியின்ர காத்துவழி அடைச்சிருக்கு.

கார்பரேட்டரை மாத்தச் சொன்னவையிட்ட ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கோ, சைட் கிளாஸில மட்டம் எங்க நிக்குது எண்டு. இந்த கார்பரேட்டரில சின்னதா ஒரு கண்ணாடி இருக்கு, இஞ்சின் ஓடேக்க பெற்றோல் மட்டம் நடுவில நிக்க வேணும். கீழ நிண்டா வரத்துக் காணாது அல்லது ஃப்ளோட் பிழை, மேல நிண்டா ஊசி மூடுதில்ல. மேல காத்து ஃபில்டரைக் கழட்டி, இஞ்சின் நிண்ட நிலையில அக்சிலேட்டரை ஒருக்கா இழுத்தா உள்ள பெற்றோல் ஊசி மாதிரிப் பீச்ச வேணும், பீச்சாட்டி ஆக்சிலரேட்டர் பம்ப். இதெல்லாம் கிட் போட்டுக் கழுவிற வேலைதான், முழுக் கார்பரேட்டரும் வாங்கிற வேலை இல்ல. சந்தையில வாற மலிவுப் புது கார்பரேட்டர் கனக்க இருக்கு, ஜெட் அளவு சரியா அமையாட்டி இருக்கிற நல்ல சாமானை எறிஞ்சுபோட்டுப் புது வருத்தம் வாங்கினதா முடியும்.

வக்யூம் ஒழுக்கு (இஞ்சின் உறிஞ்சிற வழியில வெளிக்காத்து புகுறது) எண்டா ஸ்லோவில நடுங்கும், ரேஸ் பண்ணினா சரியாகும், உங்கடது ரெண்டிலயும் பிழை எண்டபடியால முதல் சந்தேகம் அது இல்ல. ஆனாலும் பிரேக் பூஸ்டர் ஹோஸை ஒருக்கா நெரிச்சுப் பாருங்கோ, ஸ்லோ மாறினா அங்க ஒழுக்கு. டிஸ்ரிபியூட்டரில இருக்கிற வக்யூம் அட்வான்ஸ் ஹோஸை வாயால உறிஞ்சி நாக்கால அடைச்சா நாக்கு அப்பிடியே பிடிபட்டு நிக்க வேணும், நிக்காட்டி டயஃப்ரம் கிழிஞ்சுது, ஓட்டத்தில இழுவை குறையிறதுக்கும் பெற்றோல் கூடக் குடிக்கிறதுக்கும் அது ஒரு காரணம். ரோட்டரை விரலால திருப்பி விட்டா தானாத் திரும்பி வரவேணும், வராட்டி உள்ள இருக்கிற நிறைக்கல்லுகள் துருவில இறுகிப்போச்சு.

வக்யூம் கேஜ் வச்சிருக்கிற கராஜ் கிடைச்சா அஞ்சு நிமிசத்தில கனக்க விசயம் தெரியும். திருகோணமலை கடல் மட்டம் எண்டபடியால கழிச்சுப் பாக்கத் தேவையில்ல, ஸ்லோவில 17இல இருந்து 21 பாதரச அங்குலம் வரை ஆடாம நிக்க வேணும். ஒழுங்கான இடைவெளியில முள்ளு விழுந்து விழுந்து எழும்பினா வால்வாவும் இருக்கலாம். ரேஸ் பண்ணி ஒரே அளவில பிடிக்க முள்ளு மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனா சைலன்சர் உள்ள இடிஞ்சு அடைச்சிருக்கு.

இன்னொண்டு, வருசா வருசம் லைசன்ஸ் எடுக்க எமிஷன் டெஸ்ட் பண்ணிறீங்களெல்லோ, அந்தத் துண்டைத் தேடி எடுங்கோ, போன வருசத்தையும் சேத்து. ஹைட்ரோகார்பன் நம்பர் ஏறி, கார்பன் மொனொக்சைட் பெருசா மாறாம இருந்தா எரியாத பெற்றோல் சைலன்சரால போகுது, அதாவது மிஸ்ஸிங். கார்பன் மொனொக்சைட் ஏறியிருந்தா கார்பரேட்டர் பெற்றோல் கூட விடுது. காசு கட்டி எடுத்த ரிப்போட், டேஷ்போர்டுக்குள்ள சும்மா கிடக்கு.

இனி உங்கட பெரிய கேள்வி, இஞ்சின். ஓவர்ஹோலா, ரீகண்டிஷனா எண்டதுக்குப் பதில் சொல்ல ஒரு கருவிதான் இருக்கு, கம்ப்ரஷன் கேஜ். இஞ்சின் சூடா இருக்க வேணும், பிளக் நாலும் கழட்ட வேணும், கொயில் கனெக்ஷன் கழட்ட வேணும், அக்சிலேட்டரை முழுசா அமத்திக்கொண்டு செல்ஃப் அடிக்க வேணும், பற்றரி பலமா இருக்க வேணும். அக்சிலேட்டரை அமத்தாம எடுத்தா நல்ல இஞ்சினும் கெட்டது மாதிரிக் காட்டும், அப்பிடி எடுத்த கணக்கை வச்சுக் கன பேர் ஓவர்ஹோலுக்குப் போறவை. 22ஆருக்குக் கொம்பனிக் கணக்கு 171 பிஎஸ்ஐ, ஆகக் குறைஞ்சது 142, சிலிண்டருக்குச் சிலிண்டர் 14க்கு மேல வித்தியாசம் இருக்கக்கூடாது. நாலும் 150க்குக் கிட்ட ஒரே மாதிரி நிண்டா உங்கட இஞ்சின் பிழையில்ல, அதை இறக்கிற கதை வேண்டாம். ஒண்டு மட்டும் விழுந்திருந்தா அந்த ஓட்டைக்குள்ள ஒரு தேக்கரண்டி இஞ்சின் ஒயில் விட்டுத் திரும்ப எடுங்கோ. ஏறினா ரிங், ஏறாட்டி வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். பக்கத்துப் பக்கத்து ரெண்டு சிலிண்டர் ஒண்டா விழுந்தா கேஸ்கெட் அந்த ரெண்டுக்கும் நடுவில போச்சு. ரேடியேட்டர் தண்ணி குறையுதோ, விடிய ஸ்டார்ட் பண்ணேக்க கொஞ்ச நேரம் வெட்டிப் பிறகு சரியாகுதோ எண்டதையும் கவனியுங்கோ, அதுவும் கேஸ்கெட்டின்ர அடையாளம்தான், ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்த பிறகு மட்டும் திறவுங்கோ.

வால்வு எண்டு வந்தாலும் பயப்படாதீங்கோ, முதல் கிளியரன்ஸை (வால்வு இடைவெளியை) பாருங்கோ, சூட்டில இன்டேக் 0.20, எக்ஸோஸ்ட் 0.30 மில்லிமீற்றர். டெப்பட் (வால்வு) சத்தம் பிடிக்காது எண்டு இறுக்கி விடுற பழக்கம் எங்கட ஆக்களிட்ட இருக்கு, இறுகின எக்ஸோஸ்ட் வால்வு முழுசா மூடாது, சூடு போக வழியில்லாம எரியும். மெல்லிசாச் சத்தம் கேக்கிறது சுகமான இஞ்சின். சத்தத்தில பயப்பட வேண்டியது வேற, விடிய ஸ்டார்ட் பண்ணின உடன முன்பக்கத்தில சங்கிலி உரசிற மாதிரி கொறகொறத்துப் பிறகு அடங்கினா டைமிங் செயினின்ர பிளாஸ்டிக் கைட் உடைஞ்சிருக்கும், இந்த இஞ்சினுக்கு அது தெரிஞ்ச வருத்தம். அதைத் தள்ளிப் போடாதீங்கோ, செயின் கவரைத் தேச்சு ஓட்டையாக்கினா தண்ணி ஒயிலுக்குள்ள இறங்கும், அதுக்குப் பிறகு உண்மையாவே இஞ்சின் இறக்கத்தான் வேணும்.

ரீகண்டிஷன் இஞ்சினைப் பற்றி என்ர எண்ணம் இது. வாற இஞ்சினும் எங்கயோ ஓடின இஞ்சின், உள்ள என்ன இருக்கு எண்டு கடைக்காரருக்கும் தெரியாது. உங்கட கப், வயர், எர்த், டேங்க் எல்லாம் பழசுதான், அதுகளோட அந்த இஞ்சினைப் பூட்டினா முதல் மழைக்கு அதுவும் வெட்டும். இஞ்சின் நம்பர் மாறினா பதிவுப் புத்தகத்தில மாத்திற அலைச்சலும் இருக்கு. நாலு சிலிண்டரும் 142க்குக் கீழ போய், ஒயிலும் குடிச்சு, புகையும் தள்ளினா அப்ப யோசிப்பம்.

இந்தக் கிழமை ஹபரணை லோட்டைத் தயவு செய்து வேற ஆளிட்டக் குடுங்கோ. வெட்டிக்கொண்டு ஓடுற சிலிண்டரில எரியாத பெற்றோல் சுவரில இருக்கிற ஒயிலைக் கழுவிக்கொண்டு சம்புக்குள்ள (அடியில ஒயில் நிக்கிற தொட்டிக்குள்ள) இறங்குது, டிப் ஸ்டிக்கை எடுத்து மணந்து பாருங்கோ, பெற்றோல் மணந்தா ஒயிலை மாத்தாம ஓடாதீங்கோ. அப்பிடியே லோட் இழுத்தா இப்ப நல்லா இருக்கிற ரிங்கும் போயிடும். அதோட கந்தளாய் தாண்டினா ஹபரணை வரைக்கும் காடு, ராவில யானை ரோட்டில நிக்கிற இடம், அதுக்குள்ள இஞ்சின் நிண்டா பொனட்டைத் திறந்துகொண்டு நிக்க ஏலாது. டவுனுக்கு லோட்டைப் பாதியாக் குறைச்சு, மழை இல்லாத நேரமாப் போய் வாங்கோ.

கப், ரோட்டர், வயர், எர்த் நாலையும் பாத்துப்போட்டு, கம்ப்ரஷன் நாலு நம்பரையும் ஒயில் விட முதல், விட்ட பிறகு எண்டு தனித்தனியா எழுதி, பிளக் நாலையும் சிலிண்டர் வரிசையில வச்சு ஒரு போட்டோவும் எடுத்து அனுப்புங்கோ. மீன் பெட்டிக்குக் கீழ ஒரு ரெக்சின் விரிச்சு, உருகிற தண்ணி பின்பக்கத்தால வெளிய போற மாதிரி ஒரு குழாய் வச்சு விடுங்கோ, வேலை முடிஞ்சு வந்ததும் அடிப்பக்கத்துக்கு நல்ல கிணத்துத் தண்ணி அடியுங்கோ, டிஸ்ரிபியூட்டர் பக்கம் மட்டும் அடிக்க வேண்டாம்.